இலையுதிர்கால ஆப்பிள் விழா பற்றிய கட்டுரை: ஆசிரியரிடம் எதற்குப் பேரம் பேசலாம்?

கேள்வி: கிளைமொட்டு

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தில் வசிக்கிறேன். நான்கு ஆண்டுகளாகத் தோட்டக்கலை, நாட்டுப்புற வாழ்க்கை ஆகியவை பற்றி இங்குள்ள ஆங்கில இதழ்களுக்குக் கட்டுரைக்கு இவ்வளவு என்ற கணக்கில் எழுதிவருகிறேன். எந்த இதழிலும் எனக்கு நிரந்தர வேலை இல்லை. எனவே ஒவ்வொரு கட்டுரைக்கும் பேச்சுவார்த்தையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இம்முறை வந்திருக்கும் நிபந்தனைகளை இங்குள்ள மூத்தவர்களிடம் காட்டிய பிறகே பதில் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

சென்ற அக்டோபரில் ஓர் ஆப்பிள் நாள் விழாவுக்குப் போயிருந்தேன். ஆண்டுதோறும் அக்டோபர் 21ஆம் தேதியை ஒட்டிய வார இறுதிகளில் இந்நாட்டின் பழத்தோட்டங்களிலும் ஊர்த் திடல்களிலும் நடக்கும் விழா அது. சாறு பிழிவார்கள், தோலை அறுந்துபோகாமல் யார் நீளமாகச் சீவுகிறார் என்று போட்டி வைப்பார்கள், கடைகளில் காணக் கிடைக்காத வகைகளைத் துண்டு போட்டு ருசிக்கத் தருவார்கள். என்னை நகரவிடாமல் நிறுத்தியது ஓரமாகப் போடப்பட்டிருந்த ஒரு மேசை. தோட்டத்தில் பெயர் தெரியாத மரம் வைத்திருப்பவர்கள் மூன்று நான்கு பழங்களைப் பையில் போட்டுக்கொண்டு அங்கே வரிசையில் நிற்கிறார்கள். வகை கண்டுசொல்லும் நிபுணர் காம்புக் குழியையும் பழத்தின் அடிப்பக்கக் கண்ணையும் விரலால் தடவிப் பார்க்கிறார், நெடுக்காக வெட்டுகிறார், விதையறையை உற்று நோக்குகிறார், ஒரு துண்டைக் கடிக்கிறார், அதன் பிறகுதான் வாயைத் திறக்கிறார். எனக்கு முன்னால் நின்ற முதியவர், தம் மனைவி இருந்தவரை அதை 'மஞ்சள் மரம்' என்று மட்டுமே அழைத்துவந்ததாகச் சொன்னார். நிபுணர் இரண்டு பழங்களை வெட்டிவிட்டு 'பிளென்ஹைம் ஆரஞ்சு' என்றார். பெயரில் ஆரஞ்சு இருந்தாலும் அது ஆப்பிள் வகைதான். முதியவர் அப்பெயரை ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் எழுதி, எழுத்துப்பிழை இல்லையே என்று என்னிடம் நீட்டிக் காட்டினார்.

இந்த மேசையை மையமாக வைத்து 1,800 சொற்களில் எழுதுகிறேன் என்று பிப்ரவரி இறுதியில் ஒரு மாத இதழின் ஆசிரியருக்கு முன்மொழிவு அனுப்பினேன். சென்ற வாரம் பதில் வந்தது. தொனி அன்பாகவே இருக்கிறது. நிபந்தனைகள்தாம் தயங்க வைக்கின்றன. கட்டுரை அக்டோபர் இதழுக்கு, 1,200 சொற்கள் போதும், மே இறுதிக்குள் கைக்கு வர வேண்டும், தொகை 280 பவுண்டு, பணம் 'வெளியானதும்', 'எல்லா ஊடகங்களிலும் எல்லா உரிமைகளும்' இதழுக்கே. நான் எடுத்த படங்கள் இருந்தால் 'அவற்றையும் சேர்த்து அனுப்பவும்' என்று ஒரு வரி இருக்கிறது. அவற்றுக்குத் தனித் தொகை உண்டா என்பது பற்றிப் பேச்சே இல்லை. நாடெங்கும் இவ்வாண்டு நடக்கவிருக்கும் விழாக்களின் பட்டியலைப் பெட்டிச் செய்தியாகத் தர வேண்டுமாம். கடைசியாக, 'பல நூற்றாண்டுகள் கண்ட இந்த அறுவடைத் திருவிழாவின் மணம் கட்டுரையில் வீச வேண்டும்' என்கிறார்.

இதழ் நல்ல இதழ். அதில் நான் இதுவரை எழுதியதில்லை. தொகையை 400 பவுண்டு ஆக்கச் சொல்லிக் கேட்கலாமா? உரிமைகள் பற்றிப் பேசினால் வாய்ப்பே கைநழுவிவிடுமா? எதற்காகப் பிடிவாதம் பிடிப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில்: பழைய மேசை

வணக்கம் கிளைமொட்டு. நான் இந்நாட்டின் மாத இதழ் ஒன்றில் பதினோரு ஆண்டுகள் பகுதி ஆசிரியராக இருந்தவள். உங்களுக்கு வந்திருக்கும் மின்னஞ்சலைப் போன்றவற்றை நானே எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கிறேன் என்பதால், மேசையின் மறுபக்கத்திலிருந்து அது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

முதலில் 400 பவுண்டை மறந்துவிடுங்கள். ஒரு பக்கத்துக்கு எழுத்துச் செலவு இவ்வளவு என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே பதிப்பக நிர்வாகம் தீர்மானித்துவிடும். உங்கள் ஆசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்தக் கணக்கில் அவரால் இருபது முப்பது பவுண்டுக்கு மேல் அசைக்க முடியாது. அசைக்க முடியாத இடத்தில் தோள் கொடுத்துத் தள்ளினால் தோள்தான் வலிக்கும். அவர் கையில் உண்மையாகவே இருப்பவை வேறு: பணம் தரும் நாள், கட்டுரையைக் கைவிட்டால் தரும் ஈடு, படங்களுக்கான தொகை. படங்களுக்கான பணம் பெரும்பாலான இதழ்களில் கலைப் பிரிவின் தனிக் கணக்கிலிருந்து வருவது. 'சேர்த்து அனுப்பவும்' என்று எழுதியவர் உங்களை ஏமாற்ற நினைத்தார் என்று கொள்ள வேண்டாம். கேட்காதவருக்குக் கொடுக்கும் வழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

இம்மூன்றில் நீங்கள் விடவே கூடாதது பணம் தரும் நாள். 'வெளியானதும்' என்ற ஒற்றைச் சொல் பருவக் கட்டுரைக்கு எவ்வளவு கொடியது என்பதை நான் செய்த ஒரு காரியத்தைக் கொண்டே விளக்குகிறேன். பேரிக்காய் அறுவடை பற்றி ஒருவர் மிக அருமையாக எழுதித் தந்திருந்தார். பக்கம் வடிவமைத்து, மெய்ப்புத் திருத்தி, அச்சுக்குப் போக நான்கு நாள் இருக்கும்போது முழுப்பக்க விளம்பரம் ஒன்று வந்து சேர்ந்தது. ஏதாவது ஒன்றைத் தூக்கியே ஆக வேண்டும்; நான் பேரிக்காயைத் தூக்கினேன். வேறு கட்டுரையாக இருந்தால் அடுத்த மாதம் போட்டிருப்பேன். நவம்பர் இதழில், டிசம்பர் இதழில் பேரிக்காய் அறுவடையைப் போட முடியுமா? அடுத்த ஆண்டு அதே இதழில்தான் அது வெளியானது. எழுதியவருக்குப் பணம் போய்ச் சேர்ந்தபோது அவர் கட்டுரையைத் தந்து பதினாறு மாதங்கள் ஆகியிருந்தன. இடையில் மூன்று முறை மிக மரியாதையாகக் கடிதம் எழுதினார். மூன்று முறையும் நான் 'வெளியானதும்' என்ற அதே சொல்லைப் பதிலாக அனுப்பினேன். ஒப்பந்தப்படி நான் தவறு செய்யவில்லை. அதை நினைத்தால் இன்றும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆகவே 'கட்டுரை ஏற்கப்பட்ட நாளிலிருந்து 30 நாளில்' என்று மாற்றச் சொல்லுங்கள். அது முடியாது என்றால், 'அக்டோபர் இதழ் விற்பனைக்கு வரும் நாளில், கட்டுரை அதில் இடம்பெற்றாலும் பெறாவிட்டாலும்' என்று கேளுங்கள். இரண்டாவது வாசகத்தை மறுக்க எந்த ஆசிரியருக்கும் வாய் வராது.

உங்கள் கையில் என்ன துருப்பு இருக்கிறது என்பதை நீங்கள் உணர்ந்ததாகத் தெரியவில்லை. அவர் கட்டுரையை மே மாதத்தில் கேட்கிறார். மே இறுதியில் இந்நாட்டு ஆப்பிள் மரத்தில் பூ உதிர்ந்து கோலிக்குண்டு அளவில் பிஞ்சுதான் இருக்கும். அக்டோபர் இதழ் செப்டம்பரிலேயே கடைக்கு வந்துவிடும் என்பதால், இவ்வாண்டு விழாவுக்கு ஆளனுப்பிப் படமெடுக்கவும் வழியில்லை. படக் களஞ்சியங்களில் கூடை நிறையச் சிவப்பு ஆப்பிள் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும்; மேசையும் கத்தியும் வெட்டிய பழமும், பையோடு வரிசையில் நிற்கும் முதியவரும் கிடைக்க மாட்டார்கள். சென்ற அக்டோபர் உங்கள் குறிப்பேட்டிலும் கேமராவிலும் இருக்கிறது, அவரிடம் இல்லை. படங்களுக்குத் தனித் தொகை கேட்பதற்கு இதைவிடப் பெரிய நியாயம் வேண்டாம். ஒன்று மட்டும்: வரிசையில் நின்றவர்களின் முகம் தெரியும் படங்களை அவர்களைக் கேட்காமல் தர வேண்டாம்.

'பல நூற்றாண்டுகள் கண்ட திருவிழா' என்ற வரியை இப்போதே திருத்திவிடுங்கள். இல்லாவிட்டால் தலைப்பாகவே போட்டுவிடுவார்கள், உங்கள் பெயர் அதன் கீழே இருக்கும். ஆப்பிள் நாளைக் காமன் கிரவுண்ட் என்ற அமைப்பு 1990ஆம் ஆண்டு அக்டோபர் 21 அன்று லண்டன் கோவென்ட் கார்டனில் தொடங்கியது. அங்கிருந்த பழ, மலர்ச் சந்தை 1974இல் லண்டனிலேயே உள்ள நைன் எல்ம்ஸ் பகுதிக்கு இடம்பெயர்ந்துவிட்டது. பதினாறு ஆண்டுகள் கழித்து அந்தப் பழைய சந்தைத் திடலில் மீண்டும் ஆப்பிள் கடை விரித்தார்கள். ஒவ்வோர் ஊருக்கும் உரிய வகைகள் பழத்தோட்டங்களோடு சேர்ந்து அழிந்துவருவதைக் கண்டு, வேண்டுமென்றே உருவாக்கிய விழா அது. பழைய மரபு வேண்டுமென்றால் ஜனவரியில் மரத்துக்கு வாழ்த்துப் பாடி வேரில் சைடர் என்ற ஆப்பிள் மதுவை ஊற்றும் வாசெயில் சடங்கு இருக்கிறது; அது வேறு பருவம், வேறு கட்டுரை. 'புதிய விழா, ஆனால் பழைய மரங்கள்' என்பது ஆசிரியர் கேட்டதைவிட நல்ல கோணம் என்பது என் எண்ணம். திருத்துவதால் அவர் கோபிப்பார் என்று அஞ்ச வேண்டாம். தவறை மார்ச்சில் சொல்பவரை ஆசிரியருக்குப் பிடிக்கும். ஆகஸ்டில் சொல்பவரைத்தான் பிடிக்காது.

விழாப் பட்டியல் வெட்டி வேலை. மே மாதத்தில் பாதி அமைப்பாளர்கள் தேதியே முடிவு செய்திருக்க மாட்டார்கள். நாற்பது பேருக்குத் தொலைபேசி போட்டுப் பட்டியல் தயாரித்தால், அதில் பத்து இதழ் வருவதற்குள் பிழையாகிவிடும். ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கும் இரண்டு மூன்று இடங்களைப் பற்றிச் சிறு குறிப்பு தருகிறேன் என்று மாற்று யோசனை சொல்லுங்கள். கென்ட்டில் ஃபாவர்ஷாம் அருகே பிராக்டேலில் இருக்கும் தேசியப் பழச் சேகரிப்பில் 2,000க்கும் மேற்பட்ட ஆப்பிள் வகைகள் வளர்கின்றன; அதற்கு ஒரு பத்தி தகும்.


பதில்: வரிக்குவரி

மேலே எழுதிய அம்மையாரின் கருத்துகளை ஏற்றுக்கொள்கிறேன். நான் ஒப்பந்த வாசகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் தம் வேலையின் பகுதியாக எழுதுவதற்குத்தான் முதலாளி உரிமையாளர். நீங்கள் ஊழியர் அல்லர். எழுதிய கணமே உரிமை உங்களுடையது. நீங்கள் கையொப்பமிட்ட எழுத்தின் மூலமாக அன்றி அது கைமாறாது. ஆசிரியர் தம் மின்னஞ்சலில் 'எல்லா உரிமைகளும்' என்று எழுதிவிட்டதாலேயே எதுவும் நடந்துவிடவில்லை. ஆனால் நீங்கள் 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கீழே பெயரைப் போட்டு அனுப்பினால், அதுவே கையொப்பமாகக் கொள்ளப்படலாம். ஆகவே 'மற்றவை பின்னர், இப்போதைக்குச் சம்மதம்' என்ற பாணியில் அவசரப் பதில் எதுவும் போட வேண்டாம்.

எதிர்வாசகமாக நீங்கள் தர வேண்டியது: பிரிட்டனில் முதல்முறை அச்சில் வெளியிடும் உரிமை, அத்துடன் அவ்விதழின் சொந்த இணையதளத்தில் வைத்திருக்கும் உரிமை. ஆசிரியர்களுக்குள்ள உண்மையான கவலை, அதே கட்டுரை அடுத்த மாதம் போட்டி இதழில் வந்துவிடக் கூடாது என்பதுதான். அதற்கு ஆறு மாதம் வேறெங்கும் தருவதில்லை என்று வாக்குக் கொடுத்தால் போதும். சொத்தையே எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. எழுதியவர் பெயரைப் போட வேண்டும் என்று கோரும் உரிமை அதே சட்டத்தில் இருந்தாலும், செய்தித்தாள், இதழ் முதலியவற்றில் வெளியிடுவதற்கென்றே எழுதப்பட்ட படைப்புகளுக்கு அது பொருந்தாது என்று விலக்கும் அதிலேயே இருக்கிறது. எனவே 'கட்டுரையின் தலைப்புடன் எழுதியவர் பெயர் வெளியிடப்படும்' என்று ஒரு வரியை ஒப்பந்தத்தில் கேட்டு வாங்குங்கள். உழைத்தவர் ஒருவர், பெயர் வாங்கியவர் ஒருவர் என்பதற்கு பிராம்லி என்ற சமையல் ஆப்பிளே சாட்சி. நாட்டிங்ஹாம்ஷயரின் சவுத்வெல் ஊரில் 1809இல் விதையை ஊன்றியவர் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்ட் என்ற இளம்பெண். பின்னாளில் 1846இல் அந்த வீட்டை வாங்கியவர் பிராம்லி என்ற இறைச்சிக் கடைக்காரர். 1856இல் மெரிவெதர் என்ற நாற்றுப்பண்ணைக் குடும்பத்து இளைஞர் ஒட்டுக்கட்டக் கிளை கேட்டபோது, பழத்துக்குத் தம் பெயரையே வைக்க வேண்டும் என்று பிராம்லி நிபந்தனை போட்டார். இந்நாட்டின் பெயர்பெற்ற சமையல் ஆப்பிளை இன்றும் பிராம்லி என்கிறோம். விதையூன்றியவரிடம் யாரும் ஒப்பந்தம் போடவில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, வணிகக் கடன்களில் தாமதம் பற்றிய 1998ஆம் ஆண்டுச் சட்டம் உங்களைப் போன்றவர்களுக்கும் உதவும். தேதி எதுவும் பேசப்படாவிட்டால் 30 நாள் கணக்கு. அதைத் தாண்டினால் இங்கிலாந்து வங்கியின் அடிப்படை விகிதத்துக்கு மேல் 8 விழுக்காடு வட்டியும், 1,000 பவுண்டுக்குக் குறைந்த கடனாக இருந்தால் 40 பவுண்டு ஈடும் கேட்கலாம். ஆனால் அக்கணக்கு பணம் தர வேண்டிய நாள் கடந்த பிறகே ஓடத் தொடங்கும். 'வெளியானதும்' என்று நீங்களே ஒப்புக்கொண்டு, கட்டுரையும் வெளிவராமல் கிடந்தால், தாமதம் என்று எந்த நாளைச் சுட்டுவீர்கள்? அம்மையார் சொன்னதை நான் இன்னும் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுவே.


பதில்: மூன்றாம் பக்கம்

இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கிளைமொட்டு அவ்விதழுக்குப் புதியவர். முதல் கட்டுரையிலேயே தேதி, ஈடு, படம், உரிமை, பெயர், பட்டியல் என்று ஆறு கோரிக்கைகளை அடுக்கினால், 'இவரோடு வேலை செய்வது கடினம்' என்று ஆசிரியர் மனத்தில் குறித்துக்கொள்வார். நான் பன்னிரண்டு ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கிறேன். என் வருமானத்தில் பெரும்பகுதி நான்கே ஆசிரியர்களிடமிருந்து வருகிறது. நால்வரிடமும் முதல் கட்டுரையைச் சொன்ன தொகைக்கு, சொன்ன நிபந்தனைக்கு எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது கட்டுரையில்தான் பேசத் தொடங்கினேன். அப்போது பேச்சு எளிதாக இருந்தது.

குறிப்பாக உரிமை பற்றிய சண்டை இங்கே எதற்கு என்று புரியவில்லை. இது பருவக் கட்டுரை. அக்டோபரில் ஒருமுறை வந்துவிட்டால் அதை ஜனவரியில் யார் வாங்குவார்கள்? விலைபோகாத சொத்துக்கு வேலி போடுவதில் பயனில்லை. தேதியை மட்டும் கேளுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள்.


பதில்: வரிக்குவரி

ஜனவரியில் வாங்க மாட்டார்கள்; அடுத்த அக்டோபரில் வாங்குவார்கள். அதற்கு அடுத்த அக்டோபரிலும் வாங்குவார்கள். பருவக் கட்டுரையின் இயல்பே ஆண்டுதோறும் தேவைப்படுவதுதான். 2030இல் ஆப்பிள் நாளுக்கு நாற்பது ஆண்டு நிறையும்போது அவ்விதழே கிளைமொட்டுவின் கட்டுரையைத் தூசி தட்டி மீண்டும் போட்டால், எல்லா உரிமைகளையும் எழுதிக்கொடுத்தவருக்கு ஒரு பவுண்டு கூடக் கிடைக்காது. தொகுப்பு நூலில் சேர்த்தாலும் கிடைக்காது. விலைபோகாது என்பது உண்மையானால், அதை வாங்கிக்கொள்ள இதழ் ஏன் இவ்வளவு ஆவலாக இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.


பதில்: பழைய மேசை

மூன்றாம் பக்கம் சொல்வதில் ஒன்றை நான் ஒப்புக்கொள்கிறேன்: கோரிக்கைகளின் எண்ணிக்கை. ஆசிரியர் ஒரு நாளில் ஐம்பது அறுபது மின்னஞ்சல் பார்ப்பவர். ஆறு கோரிக்கைக்கு ஆறு பத்தி எழுதினால், மாலையில் பார்க்கலாம் என்று மூடிவைத்துவிடுவார். அந்த மாலை வரவே வராது. ஆனால் மூன்றாவது கட்டுரை வரை காத்திருப்பது எல்லாருக்கும் பொருந்தாது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் பொருளை எழுதுபவர் மூன்றாவது கட்டுரைக்கு மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்கும்.

கிளைமொட்டு, நான் உங்கள் இடத்தில் இருந்தால் தேதி, உரிமை, படம் ஆகிய மூன்றை மட்டும் கோரிக்கையாக வைப்பேன். பட்டியல் பற்றியும் 1990 பற்றியும் எழுதுவதைக் கோரிக்கையாக அல்லாமல் யோசனையாக எழுதுவேன். பெயர் போடும் வரியை உரிமை வாசகத்துக்குள்ளேயே சேர்த்துவிடலாம். கட்டுரையைக் கைவிட்டால் ஈடு என்பதைத் தேதி வாசகமே பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். 'எப்படியும் என் எண்ணம் இதுதான்' என்று தொடங்கும் விளக்கங்கள் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, அதிகம் போனால் இரண்டு. எழுதியதை இங்கே போடுங்கள், பார்க்கிறோம்.


பதில்: கிளைமொட்டு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு எழுதிய வரைவு இது. ஆங்கிலத்தில் அனுப்பப்போவதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன்.

"அன்புள்ள ஆசிரியருக்கு, தங்கள் பதில் கண்டு மிகவும் மகிழ்ந்தேன், கட்டுரையை 1,200 சொற்களில், மே 29க்குள், 280 பவுண்டுக்குத் தர எனக்குச் சம்மதம். தொந்தரவுக்கு மன்னிக்கவும், மூன்று சிறு மாற்றங்களைக் கேட்கலாமா என்று தயங்குகிறேன். கட்டுரை பருவத்தோடு கட்டுண்டது என்பதால், ஏற்கப்பட்ட நாளிலிருந்து 30 நாளில் பணம் தர இயலுமா? உரிமையைப் பொறுத்தவரை, என் பெயருடன் பிரிட்டனில் முதல்முறை அச்சில் வெளியிடும் உரிமையும் தங்கள் இணையதள உரிமையும் தருகிறேன். வெளியான நாளிலிருந்து ஆறு மாதம் வேறெங்கும் வெளியிட மாட்டேன். சென்ற அக்டோபரில் வகை காணும் மேசையில் எடுத்த பதினெட்டு படங்கள் இருக்கின்றன. சிறு அளவில் நான்கை இணைத்திருக்கிறேன். பயன்படுத்தும் ஒவ்வொன்றுக்கும் கலைப் பிரிவின் வழக்கமான தொகையை எதிர்பார்க்கிறேன். பட்டியல் இதழ் வருவதற்குள் பழசாகிவிடும் என்பதால், பிராக்டேலையும் சவுத்வெல்லையும் பற்றி 150 சொற்களில் பெட்டிச் செய்தி தரலாம் என்பது என் யோசனை. ஆப்பிள் நாள் 1990இல் தொடங்கியது. அவ்வளவு புதிய விழா அவ்வளவு பழைய மரங்களைக் காப்பாற்ற வந்த கதையாகவே இதை எழுத விரும்புகிறேன்."


பதில்: பழைய மேசை

'தொந்தரவுக்கு மன்னிக்கவும்' என்பதை எடுத்துவிடுங்கள். 'கேட்கலாமா என்று தயங்குகிறேன்' என்பதையும் எடுத்துவிடுங்கள். தயங்குபவருக்கு 'முடியாது' என்று சொல்வது மிக எளிது. நான்கு படங்களை இணைத்தது நல்ல காரியம். அவற்றைத் திறந்து பார்த்த பிறகு 'வேண்டாம்' என்று சொல்ல ஆசிரியரே விரும்ப மாட்டார். சவுத்வெல்லுக்கு நீங்கள் போக வேண்டியிருந்தால் பயணச் செலவு பற்றியும் இப்போதே கேளுங்கள்; அவ்வூருக்குள் ரயில் கிடையாது, நாட்டிங்ஹாமில் இறங்கிப் பேருந்தில் போக வேண்டும். பிறகு கேட்டால் கிடைக்காது.


பதில்: மூன்றாம் பக்கம்

வரைவு நான் அஞ்சியதைவிட நன்றாகவே இருக்கிறது. 'சம்மதம்' என்று தொடங்கியிருப்பது புத்திசாலித்தனம். ஒரே ஒரு சொல்: 'கலைப் பிரிவின் வழக்கமான தொகை' என்று எழுதினால் வழக்கம் என்ன என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள். ஒரு படத்துக்கு 50 பவுண்டு என்று நீங்களே போடுங்கள். குறைப்பதானால் அவர்கள் குறைக்கட்டும்.


பதில்: கிளைமொட்டு

ஆறு நாள் கழித்து எழுதுகிறேன். ஆசிரியரிடமிருந்து இன்று காலை பதில் வந்துவிட்டது. உரிமை வாசகத்தை ஒரு சொல் கூட மாற்றாமல் ஏற்றுக்கொண்டார்; எனக்கு மிகவும் வியப்பாக இருந்தது அதுதான், ஏனென்றால் வாய்ப்பே போய்விடும் என்று நான் அஞ்சிய இடமும் அதுதான். பணத்தை ஏற்பு நாளிலிருந்து தருவது அவர்கள் கணக்குப் பிரிவில் நடைமுறை இல்லை என்றார். பழைய மேசை அம்மையார் சொன்ன இரண்டாவது வாசகத்தைக் கேட்டேன், அடுத்த ஒரு மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு எழுதினார். செப்டம்பரில் அக்டோபர் இதழ் கடைக்கு வரும் நாளில், கட்டுரை இடம்பெற்றாலும் பெறாவிட்டாலும், 280 பவுண்டு. படம் ஒன்றுக்கு 40 பவுண்டு. மூன்று படம் வரை எடுத்துக்கொள்வார்கள். பயணச் செலவு இல்லை. எனவே சவுத்வெல்லுக்குப் போகாமல், பிராக்டேலை மட்டும் பெட்டிச் செய்தியில் எழுதுகிறேன். பிராம்லியின் கதை கட்டுரைக்குள் ஒரு பத்தியாக வரும். 1990 பற்றிய திருத்தத்துக்கு 'நல்ல வேளை சொன்னீர்கள்' என்ற ஒரே வரிதான் பதில்.

நான் தோற்றது பட்டியலில். வாசகர்கள் ஆண்டுதோறும் கேட்கிறார்கள், விட முடியாது என்கிறார். ஜூலையில் தனியாக அனுப்பலாம், அதற்கு 60 பவுண்டு தனி என்று பேசி முடித்தோம். வெட்டி வேலைக்குக் கூலி கிடைக்கிறது என்று தேற்றிக்கொள்கிறேன்.

ஆசிரியர் மிகவும் விரும்பிக் கேட்டிருக்கும் படம் வெட்டிய பிளென்ஹைம் ஆரஞ்சின் உள்பக்கம். கேமராவில் அத்தகைய படம் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் வெட்டுமுகம் அதற்குள் பழுப்பேறத் தொடங்கிவிட்டது. மற்றொன்றில் நிபுணரின் கட்டைவிரல் விதையறையின் பாதியை மறைக்கிறது. கட்டைவிரல் இருப்பதையே அனுப்பப்போகிறேன்.